மேட்டுப்பாளையம் – கோத்தகிரி ஏற்றத்தில் சூடாகும் பழைய ஜிப்சி: 970 சிசி எஃப்10ஏ எஞ்சினைச் சீரமைப்பதா, மாற்றுவதா?

தேயிலைமேடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு உதகையில் ஒரு குடும்பத்தாரிடமிருந்து 1988ஆம் ஆண்டு பதிவான மாருதி ஜிப்சி ஒன்றை வாங்கினேன். எம்ஜி410 என்னும் பழைய வகை. தொழிற்சாலையிலிருந்து வந்த அதே நான்கு சிலிண்டர் எஃப்10ஏ பெட்ரோல் எஞ்சின்தான் இன்றும் இருக்கிறது; எஞ்சினில் பொறித்துள்ள எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. முன்பு வைத்திருந்தவர்கள் வண்டியைப் பெரும்பாலும் மலைக்கு மேலேயே ஓட்டினார்கள் என்றும், சமவெளிக்கு இறக்கியது மிகக் குறைவு என்றும் சொன்னார்கள்.

தோட்டத்துக்குள் மழைக்காலத்துச் சேற்றிலும், கல் பாவிய செங்குத்தான பாதையிலும் இந்த வண்டி செய்யும் வேலையை வேறு எதுவும் செய்யாது என்பதை இந்த ஓராண்டில் கண்கூடாகப் பார்த்துவிட்டேன். சிக்கல் தார்ச்சாலையில்தான். வாரம் ஒருமுறை உரமும் சாமான்களும் ஏற்றிவர மேட்டுப்பாளையம் போகிறேன். திரும்பி வரும்போது, அடிவாரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் ஏறியதுமே வெப்பமானியின் முள் மேலே போகத் தொடங்கி, குஞ்சப்பனைக்கு வருவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. இழுவையும் குறைகிறது, மிதியை அழுத்தினால் ஒரு விக்கல் வந்து பிறகே வேகம் எடுக்கிறது. நிறுத்தி ஆறவைத்துப் புறப்பட்டால், அரவேணுவை நெருங்கும்போது முள் தானாகவே இறங்கி நடுவில் நின்றுவிடுகிறது. சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டால் அடுத்த 10 நிமிடத்துக்குக் கிளம்புவதும் இல்லை.

இதுவரை ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. தண்ணீர்க் குழாய்களும் தண்ணீர் பம்பும் புதியவை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை முன்பே யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். நான் காட்டிய பட்டறையில், இந்தச் சிறிய எஞ்சினுக்கு மலை ஏறும் வலு கிடையாது, இதை இறக்கிவிட்டு 1300 சிசி எஞ்சினைப் பொருத்திக்கொள்ளுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த முடிவுக்குப் போகும் முன், இந்த எஞ்சினைக் கையாண்டவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். மனத்தளவில் இதை மாற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் வாராவாரம் வழியில் நிற்கும் வண்டியை வைத்துக்கொண்டு தோட்ட வேலையையும் பார்க்க முடியாது.

பழையபட்டறை

ஐயா, வணக்கம். கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஜிப்சி 1985 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு 1996இல் 1300 சிசி வண்டி வரும்வரை நம் ஊரில் ஓடிய ஜிப்சிகள் எல்லாவற்றிலும் இருந்தது இந்த எஃப்10ஏதான். தோட்ட மேலாளர்கள், வனத்துறையினர், காவல்துறையினர் என்று பலரும் இதை வைத்துக்கொண்டுதான் மலையில் வேலை பார்த்தார்கள். மலை ஏறும் வலு கிடையாது என்ற பேச்சை ஒப்புக்கொள்ள என் அனுபவம் இடம் தரவில்லை.

உங்கள் எஞ்சினின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவதற்கு அது தேவைப்படும். சிலிண்டரின் விட்டம் 65.5 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 72 மி.மீ., சிலிண்டருக்கு இரண்டு வால்வாக மொத்தம் எட்டு, மேலே ஒற்றைக் கேம் ஷாஃப்ட், அதைச் சுழற்ற டைமிங் பெல்ட், இரும்பு வார்ப்பில் பிளாக், அலுமினியத்தில் ஹெட். 45 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் கிடைக்கும். அதிகபட்ச இழுவிசை 3,000 சுற்றில் கிடைக்கும். மாருதி 800 காரில் இருந்த எஃப்8பி எஞ்சினோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது மூன்று சிலிண்டர், 796 சிசி. பிஸ்டன் ஓட்டம் இரண்டிலும் 72 மி.மீ. என்றாலும் அதன் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ.; ஆகவே பிஸ்டனோ ரிங்கோ இதற்குப் பொருந்தாது. கடையில் கேட்கும்போது எஞ்சின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஜிப்சி என்று மட்டும் சொன்னால் 1300 சிசிக்கு உரியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

எஞ்சினை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராக அளவுமானியை வைத்துச் சுற்றிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள எஃப்10ஏவில் கோவையில் நான் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோவுக்கும் 13 கிலோவுக்கும் இடையே பார்த்திருக்கிறேன். கோத்தகிரி உயரத்தில் காற்றே மெலிவாக இருப்பதால் அளவு இதைவிடக் குறைவாகக் காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடியும் பாருங்கள்: அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ் சரியாக உட்காரவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். பலமுறை சிவப்புக் கோடு வரை போன எஞ்சின் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அலுமினிய ஹெட் 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்தால் கேஸ்கெட் தாங்காது.

அடுத்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். சூடாகும் வண்டியில் அதைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது, அது தவறு. தோட்டத்துக்குள் காலையில் எஞ்சின் சூடேறாமலே ஓடிக் கரி படிவதற்கும், பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்குவதற்கும் அந்த வழக்கமே காரணம். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை வாங்கி, வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. கோத்தகிரியின் 1,800 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 என்று குறித்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், அதே தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தால் இந்த 20 டிகிரி பாதுகாப்பும் போய்விடும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடையில் இருக்கும் காற்றுக்கூண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் அது உடைந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். பிறகு மெதுவாக ஏறும்போது ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய காற்றைப் பக்கவாட்டிலிருந்து இழுத்துச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

மலைநாட்டான்

வணக்கம். நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஜப்பானில் செய்யப்பட்ட சுசுகி எஸ்ஜே410, எஞ்சின் உங்களுடையதுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். பாரம் ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் பல வருடம் இதை ஓட்டியிருக்கிறேன். ஆகவே எஞ்சின் சிறியது என்பதற்காக மாற்ற வேண்டாம் என்று முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வாகனத்தின் பலம் எஞ்சினில் மட்டும் இல்லை. அது கியர் விகிதங்களோடு சேர்ந்தே கணக்கிடப்பட்டது. எஸ்ஜே410இல் கியர்பெட்டியின் இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் சாதாரண நிலையிலேயே 1.58 மடங்கு குறைப்பு உண்டு, லோ என்னும் மெதுநிலையில் 2.51 மடங்கு. அதன் பின் அச்சில் 4.11 மடங்கு. லோவில் முதலாம் கியரைப் போட்டால் சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சின் ஏறக்குறைய 32 முறை சுழல்கிறது. அதனாலேயே இந்தச் சிறிய எஞ்சின் உங்கள் தோட்டத்துச் சேற்றில் அவ்வளவு நிதானமாக இழுக்கிறது. தார் வீதியில் இதன் மறுபக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் மூன்றாம் கியரில் எஞ்சின் 2,100 சுற்றுக்குச் சற்று மேலேதான் ஓடும்; இரண்டாம் கியரில் அதே வேகத்துக்கு 2,900 சுற்று வரும், அதாவது இழுவிசை உச்சத்தில் இருக்கும் இடம். சத்தம் கூடுகிறதே என்று பலர் மூன்றிலேயே மிதித்து ஏறுகிறார்கள். அப்போது தண்ணீர்ப் பம்பும் ஃபேனும் மெதுவாகச் சுழல, கார்பரேற்றரின் வாய் முழுவதும் திறந்திருக்க, எஞ்சின் திணறிச் சூடாகிறது. நீங்கள் எந்தக் கியரில் ஏறுகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

உதிரிப்பாகம் கிடைக்காது என்ற அச்சமும் வேண்டாம். இதே எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு சீனாவில் 465க்யூ என்ற பெயரில் பல தொழிற்சாலைகள் நெடுங்காலம் எஞ்சின் செய்தன. பெயரில் உள்ள 4 சிலிண்டர் எண்ணிக்கை, 65 சிலிண்டர் விட்டம். அங்கு சிறிய வான்களிலும், பின்னர் பண்ணைகளுக்கான சிறு நான்கு சக்கர வாகனங்களிலும் அது ஓடியது. அந்த வழியில் வரும் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் தொகுதிகளை இங்கே நாங்கள் பயன்படுத்துகிறோம். சிலவற்றின் தரம் சீராக இருப்பதில்லை; வாங்கியதும் மைக்ரோமீற்றரில் அளந்து பார்த்துவிட்டே போட வேண்டும்.

ஈரோட்டுச்சாலை

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன், மன்னிக்கவும். என்னிடமும் 1991ஆம் ஆண்டு எம்ஜி410 இருந்தது. அதில் 1300 சிசி ஜி13 எஞ்சினைப் பொருத்தி எட்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். 45 குதிரைத்திறனில் இருந்து 60க்குப் போனதும் நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டுவதற்கான துணிவு கிடைத்தது என்பதை மறைக்க மாட்டேன். பழைய எஞ்சினில் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது.

ஆனால் பட்டறையில் சொல்வதுபோல் அது ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. எஞ்சினை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்து வாங்கி, எஞ்சின் தாங்கிகளை வெட்டி ஒட்டி, கியர்பெட்டிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் உள்ள குட்டி ஷாஃப்டைச் சரியான நீளத்துக்குச் செய்து, ரேடியேட்டரையும் பெரிதாக்க வேண்டியிருந்தது. கிங் என்ற பெயரில் வந்த 1300 சிசி ஜிப்சியின் பானெட் முன்பக்கம் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடவசதி உங்கள் வண்டியில் கிடையாது.

அதோடு சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. வேறு கொள்ளளவு கொண்ட எஞ்சினைப் போடும் எண்ணம் இருந்தால், பணத்தைச் செலவழிக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துவழிக் கேட்டு, எழுத்துவழிப் பதில் வாங்குங்கள். சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்த பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 1988 வண்டி என்றால் உங்களுக்கு அடுத்தது 2028இல் வரும். அன்று எஞ்சின் எண்ணைத் தேய்த்துப் பார்ப்பார்கள். எண் ஒத்துப்போகும் வண்டியை வைத்திருக்கும் நீங்கள் அதை எளிதாக விட்டுவிடாதீர்கள் என்றே, மாற்றியவனாகிய நானும் சொல்வேன்.

அளவுகோல்

வணக்கம். எஞ்சின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில், கேள்வியில் இருக்கும் ஒரு குறிப்பை எல்லோரும் தாண்டிப் போய்விட்டதாக எண்ணுகிறேன். வண்டி ஏற்றத்தின் கீழ்ப்பகுதியில் சூடாகிறது. மேலே போகப் போக, அரவேணுவுக்கு அருகில், தானாகவே சரியாகிறது. எஞ்சினுக்கு வலு போதாது என்பது காரணமானால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. 45 குதிரைத்திறன் அங்கே 37 அளவுக்கு இறங்கிவிடும். வலு குறைந்த இடத்தில் குளிர்ச்சியாகவும், வலு முழுதாக இருக்கும் இடத்தில் கொதித்தும் ஓடும் எஞ்சினில் தேட வேண்டியது வேறு ஒன்று.

முதலில் வலுவின் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆளும் சரக்குமாக 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டு, 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 12 குதிரைத்திறன் போதும். கியர்களில் இழப்பதைச் சேர்த்தாலும் 16ஐத் தாண்டாது. ஆகவே பாதிக்கு மேற்பட்ட வலு கையிருப்பில் இருக்கிறது. 1300 சிசி எஞ்சினைப் போட்டாலும் அதே 12 குதிரைத்திறனைத்தான் இந்த ஏற்றம் கேட்கும்.

இனி உயரமும் கார்புரேட்டரும். கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. அதன் வாயில் ஓடும் காற்றின் உறிஞ்சல் மட்டுமே தெரியும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, ஆனால் ஜெட் என்னும் சிறு துளை வழியாக வரும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. அதனால் சமவெளிக்குச் சரியாக வைத்த ஜெட், 1,800 மீட்டரில் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும். உதகையின் 2,240 மீட்டரில் அது 12 விழுக்காட்டை நெருங்கும். பிளக் கறுத்துப்போகும், மைலேஜ் குறையும். இதைச் சரிசெய்ய மலையிலேயே ஓடும் வண்டிகளுக்குச் சற்றுச் சிறிய மெயின் ஜெட் போடுவது பழைய, முறையான வழக்கம். உங்கள் வண்டியை முன்பு வைத்திருந்தவர்கள் உதகையில் இருந்தார்கள், கீழே இறக்கியது குறைவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அப்படிச் செய்திருந்தால் அவர்களுக்கு அது சரி. அதே வண்டி மேட்டுப்பாளையத்தின் அடர்ந்த காற்றில் சரக்கோடு ஏறத் தொடங்கும்போது பெட்ரோல் போதாமல் கலவை வெளிறிவிடும். வெளிறிய கலவை மெதுவாக எரியும். வெளியேறும் வாயுவின் சூடு வால்வையும் ஹெட்டையும் தாக்கும். நீங்கள் சொல்லும் விக்கலும் அதன் அடையாளமே.

இதோடு இன்னொன்று சேர்கிறது. இப்போது பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அந்தக் கலவைக்கு வெறும் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி இதை உணர்ந்து பெட்ரோல் பீய்ச்சும் ஊசியைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். நிலையான ஜெட் கொண்ட கார்புரேட்டர் அப்படிச் செய்யாது, ஏறக்குறைய 7 விழுக்காடு வெளிறலாக ஓடும். சமவெளி ஜெட் உள்ள ஜிப்சிக்குக் கோத்தகிரியில் இது நன்மையாகவே முடியும், ஏனென்றால் உயரத்தால் கூடும் 9இல் பெரும்பகுதியை இந்த 7 ஈடுசெய்துவிடுகிறது. உதகைக்காகச் சிறிதாக்கிய ஜெட் உள்ள ஜிப்சி மேட்டுப்பாளையத்தில் நின்றால், இரண்டு குறைவும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவிடும். நான் எழுதும் விழுக்காடுகள் கணக்கில் வந்தவை. வண்டிக்கு வண்டி சற்றே மாறும்.

இதைச் சோதிப்பது எளிது. அடிவாரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் முழு இழுவையில் ஏறி, எஞ்சினை அணைத்து, உருட்டாமல் அங்கேயே நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். செங்கற்பொடி அல்லது காப்பிப்பொடி நிறம் இருந்தால் கலவை சரி. வெளுத்துச் சுண்ணாம்புபோல் இருந்தால் நான் சொல்வது சரி. அத்துடன் டைமிங் லைட் வைத்து, சுற்றைக் கூட்டும்போது குறி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுக்கேற்ப விரியும் எடைகள் துருவில் ஒட்டிக்கொண்டால், பொறி தாமதமாகவே விழுந்துகொண்டிருக்கும். அதுவும் இதே சூட்டைத் தரும்.

சூடாக நின்றபின் கிளம்பாத சிக்கலுக்குக் காரணம், எஞ்சினோடு ஒட்டி இருக்கும் பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி நிற்பதாக இருக்கலாம். பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடித்த தடுப்புத் தகடு இருக்கிறதா, டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். 1988இல் அவற்றைச் செய்தவர்கள் இந்தப் பெட்ரோலை நினைத்துச் செய்யவில்லை.

பழையபட்டறை

அளவுகோல் ஐயா சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். கேள்வியில் அது இருந்தும் எனக்குப் பொறி தட்டவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கலவையைத் தொடும் முன் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, பாருங்கள். வெளியேற்று வால்வின் இடைவெளி குறைந்து வால்வ் முழுதாக மூடாமல் ஓடினால், வெளிறிய கலவையின் சூட்டில் அது முதலில் எரிந்துபோகும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, 0.15 மி.மீ. தடிமனுள்ள ஃபீலர் தகடு லேசான பிடியோடு நுழைய வேண்டும்.

தேயிலைமேடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, கிடைத்ததைக் குறித்து வைத்தேன்.

கம்ப்ரஷனை மேட்டுப்பாளையத்தில் ஒரு நண்பரின் பட்டறையில் பார்த்தோம். முதல், இரண்டாம், நான்காம் சிலிண்டர்களில் 12ஐ ஒட்டி இருந்தது, மூன்றாவதில் பத்தரை. ஆயில் ஊற்றிப் பார்த்தும் ஏறவில்லை. மேல்மூடியைத் திறந்தபோது, மூன்றாவது சிலிண்டரின் வெளியேற்று வால்வில் ஃபீலர் நுழையவே இல்லை. எட்டு வால்வுகளையும் 0.15க்கு வைத்து, இரண்டு நாள் ஓட்டிய பிறகு மறுபடியும் பார்த்ததில் மூன்றாவது 11.4 காட்டியது.

பிளக் சோதனையை அளவுகோல் ஐயா சொன்ன முறையிலேயே செய்தேன். குஞ்சப்பனைக்குக் கீழே நிறுத்திக் கழற்றியதில் நான்கு பிளக்குகளும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. கார்புரேட்டரைத் திறந்தபோது முதல் வாயின் மெயின் ஜெட்டில் பொறித்திருந்த எண், கையேட்டில் உள்ளதைவிட இரண்டு படி சிறியதாக இருந்தது. உதகைக் குடும்பத்தாரிடம் தொலைபேசியில் கேட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் உயிரோடு இருந்த காலத்தில், கறும்புகை வருகிறது என்று சொல்லி ஜெட்டை மாற்றியதாக அவர் மகன் நினைவுகூர்ந்தார். கோயம்புத்தூரில் தேடி, கையேட்டில் உள்ள எண்ணுக்குரிய ஜெட்டை வாங்கிப் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகள் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் பாயின்ட் தேய்ந்து இடைவெளி மாறியிருந்ததால் அதையும் மாற்றி, டைமிங்கைத் திரும்ப வைத்தோம்.

ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்கவே இல்லை, அதுவும் புதிது. தெர்மோஸ்டாட் போட்டாகிவிட்டது. காற்றுக்கூண்டு கிடைக்காததால், தகரத்தில் ஒன்று அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

மலைநாட்டான் ஐயா கேட்டதற்குப் பதில்: ஆம், மூன்றாம் கியரில்தான் ஏறிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டாம் கியரில், 30 கி.மீ. வேகத்தில் வருகிறேன். சென்ற சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி வெயிலில் ஆறு மூட்டை உரத்தோடு புறப்பட்டேன். குஞ்சப்பனை தாண்டும்போது முள் நடுக்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது, அங்கேயே நின்றது. விக்கல் இல்லை. வழியில் எங்கும் நிறுத்தாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

சூடாக அணைத்தால் கிளம்ப மறுப்பது மட்டும் இன்னும் தீரவில்லை. 10 நிமிடம் என்பது இரண்டு மூன்று நிமிடமாகக் குறைந்திருக்கிறது. பம்புக்கு அடியில் தடுப்புத் தகடு இருக்கிறது, ஆனால் விரிசல் விட்டிருக்கிறது. அந்தத் தகடு இந்த எஞ்சினுக்குரியது யாரிடமாவது இருந்தால், அல்லது எந்தப் பொருளில் வெட்டிச் செய்தால் சூட்டைத் தாங்கும் என்று அறிந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.